நாய்க்கு இடும் சோறு

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஆட்சியில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் நாட்டப்பட்டது அது. போரில் இறந்த வீரன் ஒருவனுடைய உருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு அறிவிக்கின்றது. உழைத்த நாய்க்குக் கல்லிலே பெயர் பொறித்து வைத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் வழிவந்த நாம், நம் வாயிலில் காவல் கிடக்கும் நாய்க்கு எத்தகைய சோற்றை இடுகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பது தகும்.

களத்து மேட்டில் கிடக்கும் கடலைக்கும், தறி வீட்டில் இருக்கும் பாவுக்கும் நூலுக்கும் இரவெல்லாம் காவல் நிற்பது நாய். அதற்குக் கூலி ஒன்றே. வீட்டார் உண்டபின் எஞ்சிய உணவு. குழம்பு கலந்த சோறும், மீன் முள்ளும், கோழி எலும்பும், ஊறுகாய் ஒட்டிய இலையும் அதன் தட்டுக்குப் போகின்றன. "நாம் உண்டது நமக்கு ஒன்றும் செய்யவில்லை, நாய்க்கு மட்டும் என்ன செய்துவிடும்?" என்று பலரும் கருதுகின்றனர். இக்கருத்து பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்பதை அறியாமையால் நல்ல நாய்கள் பல, காரணம் தெரியாமலே நலிந்து போகின்றன.

நாய் சோறு உண்ணலாமா?

நாய் புலால் உண்ணும் இனத்தைச் சேர்ந்தது. ஆதலால் அதற்குச் சோறு ஆகாது என்று கூறுவாரும் உளர். இது சரியன்று. நாய் ஓநாயினின்று தோன்றியது என்பது உண்மையே. ஆயினும் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு கூடி வாழ்ந்து, அவன் உணவைப் பகிர்ந்து உண்டதனால் அதன் உடலமைப்பே மாறியிருக்கிறது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவுபடுத்தியது. மாவுச்சத்தைச் செரிக்கச் செய்யும் நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரை இருப்பது அதில் கண்டறியப்பட்டது. ஆகவே, நன்கு வெந்த சோறும், கேழ்வரகுக் களியும், கம்பங்கூழும் நாய்க்குச் செரிக்கும். உழவன் வீட்டு உணவை உண்பதற்கேற்ப உருவான பிராணி அது.

ஆனால் மாவைச் செரிக்கக் கற்ற நாயின் உடல், நாம் உண்ணும் பிற பொருள்கள் எல்லாவற்றையும் தாங்கக் கற்கவில்லை. நம் ஈரலும் சிறுநீரகமும் எளிதில் கழித்துவிடும் சில பொருள்களை அதன் உறுப்புகள் கழிக்க இயலாமல் திணறுகின்றன. தீங்கு பெரும்பாலும் சோற்றில் இல்லை. சோற்றோடு கலப்பவற்றில்தான் இருக்கின்றது.

வெங்காயமும் பூண்டும்

முதலில் கூற வேண்டியது வெங்காயத்தைப் பற்றியே. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தவை. இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. தாக்குண்ட அணுக்கள் உடைந்து அழிகின்றன. நாய்க்கு இரத்தசோகை உண்டாகிறது. நாயின் எடையில் நூற்றில் அரைப் பங்குக்கு மேல் வெங்காயத்தை அது ஒரே வேளையில் தின்றால், இரத்தத்தில் கேடு காணத் தொடங்கும். 15 கிலோ எடையுள்ள நாய்க்கு இது 75 கிராம். அதாவது எட்டு, ஒன்பது சின்ன வெங்காயம். பூண்டு இதனினும் கடியது. குறைந்த அளவே போதும்.

வதக்கினாலும், வேகவைத்தாலும், பொடி செய்தாலும் இத்தீமை நீங்குவதில்லை. மேலும், ஒரே நாளில் மிகுதியாகத் தின்றால்தான் கேடு என்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக உட்சென்றாலும் அணுக்கள் அழிந்துகொண்டே இருக்கும். தின்ற அன்றே நோய் தெரியாமல், சில நாள்கள் கழித்துத் தெரிவதும் உண்டு. நாய் சோர்ந்து படுக்கும், ஈறுகள் வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் செம்பழுப்பாக இறங்கும். "வெயில் தாங்கவில்லை", "வயதாகிவிட்டது" என்று நாம் கூறி விட்டுவிடுகிறோம். நேற்றைய வெங்காயச் சாம்பாரை யாரும் நினைப்பதில்லை.

திராட்சையும் புளியும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை உலகறிந்தது. அத்திராட்சை மனிதனுக்கு நல்ல உணவு; நாய்க்கோ நஞ்சு. பச்சைத் திராட்சை, கறுப்புத் திராட்சை, உலர்ந்த திராட்சை யாவும் அவ்வாறே. சில நாய்களுக்குச் சில பழங்களே போதும், சிறுநீரகம் செயலற்றுப் போகும். வேறு சில நாய்கள் தின்றும் நோயின்றி இருக்கும். எந்த நாய் எந்த வகை என்று முன்கூட்டி அறிய வழி இல்லை. ஆதலால் ஒன்றும் கொடாதிருப்பதே அறிவுடைமை. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்ந்த திராட்சையும் இதில் அடங்கும்.

திராட்சையில் நாய்க்குக் கேடு செய்வது எது என்பது நெடுங்காலம் புலப்படாமல் இருந்தது. அதில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்க வேண்டும் என்ற கருத்தை 2021ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த மற்றொரு கட்டுரை நமக்கு இன்னும் நெருக்கமானது. புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே வகையான சிறுநீரகக் கேடு உண்டானது அதில் எடுத்துக் காட்டப்பட்டது. புளிக்குப் புளிப்பைத் தருவதும் டார்டாரிக் அமிலமே அன்றோ? புளிக்குழம்பும், வற்றக்குழம்பும், புளியோதரையும் நாயின் தட்டுக்குப் போகலாகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை. புளி கொட்டை எடுக்கும் காலத்தில் முற்றத்தில் குவித்து வைத்த புளியை நாய் எட்டாதபடி மூடி வைத்தலும் நன்று.

உப்பு, எண்ணெய், எலும்பு

ஊறுகாய், கருவாடு, அப்பளம், உப்பு வற்றல் ஆகியவற்றில் உள்ள உப்பு நாய்க்கு மிகை. அருகில் நல்ல தண்ணீர் இல்லாதபோது மிகுந்த உப்பை உட்கொள்ளும் நாய்க்கு வாந்தியும் நடுக்கமும் வலிப்பும் வரலாம். கருவாட்டு மணத்துக்கு நாய் எவ்வளவு ஏங்கினாலும் நாம் இரங்கலாகாது.

பண்டிகை நாள்களில் எண்ணெய்ப் பலகாரங்களும், நெய் மிதக்கும் இனிப்புகளும், கறியின் கொழுப்பும் நாய்க்கு அள்ளி வைக்கப்படுகின்றன. திடீரென்று மிகுந்த கொழுப்பு உட்சென்றால் கணையம் வீங்கும் நோய் சில நாய்களுக்கு உண்டாகிறது. விடாத வாந்தியும் கடுமையான வயிற்று வலியும் அதன் அறிகுறிகள். அந்நோயால் இறப்பதும் உண்டு.

"நாய்க்கு எலும்பு" என்பது நம் பேச்சில் ஊறிப்போன இணை. எனினும் வெந்த எலும்பு, அதிலும் கோழி எலும்பு, கடித்தால் கூரிய சிம்புகளாகப் பிளக்கிறது. அச்சிம்பு தொண்டையிலும் குடலிலும் குத்திக் கிழிக்கும். மாங்கொட்டையும் சோளத் தக்கையும் வேறு வகையில் தீயவை. அவை செரிப்பதில்லை, குடலில் சென்று அடைத்துக்கொள்கின்றன. மக்காச்சோளத்தை அவித்துத் தின்றபின் தக்கையை முற்றத்தில் வீசும் பழக்கத்தை நாய் வளர்ப்போர் விட வேண்டும்.

கடைப் பண்டங்கள்

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருள் நம் உடலை விட்டு விரைவில் நீங்கிவிடும்; நாயின் உடலில் நெடுநேரம் தங்கி இதயத்தையும் நரம்பையும் வருத்தும். கறுத்த சாக்லேட்டில் அது பன்மடங்கு மிகுதி. காப்பியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீனும் இத்தன்மையதே. குடித்து மிஞ்சிய காப்பியை நாய்க்கு ஊற்றுவதும், வடிகட்டிய தூளை அது நக்கும்படி கொட்டுவதும் கூடா. மது ஒரு சொட்டும் கூடாது.

சர்க்கரை நோயாளருக்கென விற்கும் சில இனிப்புகளிலும், சுயிங்கத்திலும், சில பற்பசைகளிலும் சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருள் சேர்க்கப்படுகிறது. நமக்குத் தீங்கற்றது இது. நாயின் உடலிலோ இன்சுலினை மிகுதியாகச் சுரக்கச் செய்து, அரை மணி நேரத்துக்குள்ளாகவே இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் அளவே இதற்குப் போதும். அளவு மிகுந்தால் ஈரலும் கெடும். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்தல் நன்று.

பூசணம் பிடித்த கடலை

இனிக் கூறுவது நாய்க்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் உரியது. மழையில் நனைந்தோ, ஈரத்தோடு மூட்டை கட்டியோ பூசணம் பிடித்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும், "விற்க ஆகாது, நாய்க்காவது ஆகட்டும்" என்று வேகவைத்து இடுவது சில இடங்களில் வழக்கம். அப்பூசணத்தில் அஃபிளாடாக்சின் என்னும் நஞ்சு தோன்றுகிறது. அது ஈரலை அழிப்பது. வீட்டுச் சமையலின் சூட்டுக்கு அது அழிவதில்லை. நாய் இந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும் பிராணிகளுள் ஒன்று.

இதன் வரலாறு நாம் அறிய வேண்டியது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் நாய்கள் பல ஈரல் நோயால் இறந்தன. அப்போது காரணம் விளங்கவில்லை. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் அஃபிளாடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. நாய்களைக் கொன்றதும் இந்நஞ்சே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டிலேயே இக்கொடுமை நேர்ந்தது. இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லைப் பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் மக்களுக்கும் நாய்களுக்கும் ஒரே காலத்தில் மஞ்சட்காமாலை கண்டது. வயிற்றில் நீர் கோத்தது. நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். காலமல்லாக் காலத்தில் பெய்த மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை அவ்வேழை மக்கள் உண்டனர். தம் நாய்களுக்கும் இட்டனர். ஒரே பானையின் உணவு இரு உயிர்க்கும் நஞ்சாயிற்று.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று, நமக்கு ஆகாத தானியம் நாய்க்கும் ஆகாது. மற்றொன்று, வீட்டு உணவை உண்ணும் நாய் காரணமின்றி உணவை மறுத்து, கண் மஞ்சளித்து நோயுற்றால், நம் பானையையும் மூட்டையையும் நாம் சோதித்துப் பார்த்தல் வேண்டும். கடலையை ஈரம் நூற்றுக்கு 8 அளவாகும் வரை நன்கு உலர்த்தி மூட்டை கட்டுவது விலைக்கு மட்டுமன்று, வீட்டார் உயிருக்கும் காவல்.

உணவு போலத் தோன்றுவன

நெசவாளர் வீட்டில் பாவுக்குப் போடும் கஞ்சி மிஞ்சுவது உண்டு. வெறும் அரிசிக் கஞ்சியாயின் பாதகம் இல்லை. பூசணம் பிடிக்காதிருக்க மயில்துத்தம் முதலியன கலந்திருந்தால் அது நஞ்சு. நாய்க்கு அந்த வேற்றுமை தெரியாது. கஞ்சி மணம் ஒன்றே தெரியும். மிஞ்சியதை மூடி வைக்கவோ புதைக்கவோ வேண்டும். அவ்வாறே பயிருக்கு இடும் ஆமணக்குப் பிண்ணாக்கும் நாயை ஈர்க்கும் மணமுடையது. அதில் உள்ள ரிசின் கொடிய நஞ்சு. அதை இடும்போது மண்ணில் நன்கு புதைத்து, மூட்டையை நாய் நுழையாத அறையில் வைத்தல் நலம்.

எதை இடலாம்?

விலக்க வேண்டியவற்றைக் கண்டோம். இடத்தக்கவை அவற்றினும் மிகுதி என்பது மனத்துக்கு ஆறுதல். வடித்த சோறு, களி, கூழ், உப்பில்லா இட்லி, வெந்த துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், எலும்பு நீக்கிய கோழிக்கறி, உப்பிடாத தயிர் ஆகியவை நல்லவை. பால் சில நாய்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். தயிர் அவற்றுக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். காய்களில் பூசணி, காரட், பீன்ஸ், வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு தகும். பழங்களில் வாழை, விதை நீக்கிய பப்பாளி, தர்ப்பூசணி ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக இடலாம்.

சோறு மட்டும் இட்டு வளர்ப்பது போதாது. சோற்றில் சூடு தரும் மாவுச்சத்து உண்டு; தசை வளர்க்கும் புரதம் குறைவு. பொது அளவாக, சோறோ களியோ இரண்டு பங்கு, முட்டை, மீன், கோழி, பருப்பு ஆகியவற்றுள் ஒன்று ஒரு பங்கு, காய் அரைப் பங்கு என்று கொள்ளலாம். 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாள் ஒன்றுக்கு 800 முதல் 900 கலோரி வரை தேவை. இதை இரு வேளையாகப் பிரித்து இடுவது நன்று. குட்டிக்கும், பாலூட்டும் தாய்க்கும் இதனினும் மிகுதி வேண்டும். வீட்டு உணவில் சுண்ணாம்புச்சத்துக் குறைவு நேர்வது இயல்பு. அதை ஈடு செய்யும் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். கடையில் விற்கும் நாயுணவை இடுவோர், வீட்டுப் பண்டங்களை அந்நாளைய உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கொடுத்தால் போதும்.

"இத்தனையும் யார் சமைப்பது?" என்று இல்லத்தரசியார் கேட்பது நியாயமே. தனிச் சமையல் வேண்டியதில்லை. சோறு வடித்தவுடன் நாயின் பங்கை எடுத்து வைத்துவிடலாம். பருப்பு வெந்ததும், புளி கரைத்து ஊற்றுமுன், வெங்காயம் சேர்க்குமுன், தாளிக்குமுன் ஒரு கரண்டி எடுத்து அச்சோற்றில் ஊற்றலாம். மீன் வாங்கிய நாளில் ஒரு துண்டை மசாலா தடவுமுன் வேறாக அவித்து முள் நீக்கி வைக்கலாம். செலவு கூடுவதில்லை, உழைப்பும் கூடுவதில்லை. எடுத்து வைக்கும் நேரம் மட்டுமே மாறுகிறது. கடைசியில் எஞ்சியதை இடுவதற்கு மாறாக முதலில் எடுத்து வைக்கிறோம், அவ்வளவே.

ஓர் ஐயம்

"தெருவில் கிடைத்ததைத் தின்று திரியும் நாய்கள் வாழவில்லையா?" என்று சிலர் வினவலாம். வாழ்கின்ற நாய்களை நாம் காண்கிறோம். மாண்டவற்றைக் கணக்கெடுப்பார் எவரும் இல்லை. தெருநாயின் வாழ்நாள் குறுகியது. அதற்கு உணவும் ஒரு காரணம். வீட்டு நாய் நம் பொறுப்பில் இருப்பது. தனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. எதை உண்பது என்று தேர்ந்தெடுக்கும் வழியும் இல்லை. நாம் வைத்ததை நம்பி உண்கிறது.

தின்றுவிட்டால் செய்வது என்ன?

காவல் எவ்வளவு இருந்தாலும் தவறுதல் நேரலாம். அப்போது செய்ய வேண்டியவை இவை:

1. எதைத் தின்றது, எவ்வளவு, எப்போது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொட்டலம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் சென்றால், மருத்துவர் நஞ்சை வெளியேற்ற வழி உண்டு.

3. உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது, அவ்வுப்பே நஞ்சாகும். பாலோ எண்ணெயோ வலிந்து புகட்டினால் மூச்சுக்குழாயில் சென்றுவிடும்.

4. எலும்பு விழுங்கியிருந்தால் வாந்திக்கு எவ்வித முயற்சியும் செய்யலாகாது. மலம் கறுத்தோ இரத்தத்தோடோ இறங்கினால் அவசரம்.

5. வெங்காயம் தின்ற நாயை ஒரு வாரம் வரை கவனிக்க வேண்டும். நாள்தோறும் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்ப்பது எளிய சோதனை. நல்ல நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளுத்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவற்றை வீட்டில் உள்ள சிறுவர்களுக்கும் கற்பித்தல் வேண்டும். நாய்க்குச் சாக்லேட்டும் திராட்சையும் ஊட்டுபவர்கள் பெரும்பாலும் அவர்களே. அன்பினால்தான் ஊட்டுகிறார்கள், எது ஆகும், எது ஆகாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வீட்டில் அவர்களைவிடச் சிறந்த காவலர் இல்லை.

உழைப்பவருக்குப் பங்கு உண்டு என்பது நாம் அனைவரும் ஏற்ற நெறி. இரவெல்லாம் கண் விழித்து நம் விளைவையும் நெய்த துணியையும் காக்கும் நாய்க்கும் அப்பங்கு உரியது. அது எஞ்சியதாக இராமல், தாளிக்குமுன் எடுத்து வைத்த சோறாக இருக்கட்டும்.